பவுனம்மாளின் எண்

காலனியிலிருந்து புறப்பட்டு நூறு அடிகூட நடந்திருக்க மாட்டாள், தனபாக்கியத்துக்கு அது தெரிந்துவிட்டது. எண் இல்லை. நேற்று இருந்ததா என்று கேட்டால், நேற்று அவள் தேடவில்லை. அரிவாள்மனை வீட்டில் இருக்கிறதா என்று யாரும் தினமும் போய்ப் பார்ப்பதில்லை. வேண்டும்போது கை போகும், இருக்கும். இன்று கை போயிற்று, இடம் காலியாக இருந்தது. ஏழில் ஆரம்பிக்கும். அது நிச்சயம். ஏழு, அப்புறம் ஒரு எண், அப்புறம் இன்னொரு எண். மார்கழிப் பனி தார்ச்சாலையை மூடியிருந்தது. முன்னால் போகிறவர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே சாலையில் இதே மாதத்தில் இருபத்தேழு பேர் நடந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஆறு பேர் நடக்கிறார்கள், மற்ற மூவர் பின்னால் வேனில் வருகிறார்கள். ஆறு பேருக்குப் பின்னால் பிள்ளைகளும் பேரன் பேத்திகளுமாக இருநூறு பேர். புறப்படும்போதுதான் வார்டு மெம்பர் கயல்விழி வந்து சொன்னாள்: “அத்த, இந்த வருஷம் தாலுகா ஆபீஸ் வாசல்ல எல்லாரும் சேந்தாப்புல கத்த வேணாம். மைக்கு வச்சிருக்கோம். ஒவ்வொருத்தரா அவங்கவங்க ஓட்டு நம்பரச் சொல்லுங்க. செத்துப்போனவங்க நம்பர உங்கள்ல யாருக்குத் தெரியுமோ அவங்க சொல்லட்டும். நான் நோட்டுல எழுதிக்கிறன். இன்னும் பத்து வருஷம் போனா யாரு இருக்கப்போறா? பவுனு அத்தைக்கு நீங்கதான்.” தனபாக்கியம் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கி, சும்மா, வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது.

பதறக்கூடாது. பதறினால் இன்னும் உள்ளே போய்விடும். தன்னுடைய எண் இருக்கிறதா என்று பார்த்தாள். பாகம் அறுபத்து மூணு, வரிசை நானூத்திப் பதினெட்டு. இருந்தது. இவ்வளவு தெளிவாக இது இருக்கும்போது பக்கத்தில் இருந்தது எங்கே போகும்? இரண்டையும் ஒன்றாகத்தானே கற்றாள். அந்த வருஷம் கார்த்திகையில், பின்நடவு வயலில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு. தாலுகா ஆபீசில் பியூனாக இருந்த மாசிலாமணி, காலனிக்காரர், ஏழு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் காலனிப் பக்கங்களை மட்டும் கையால் எழுதிக்கொண்டு வந்தார். அதற்கு முந்திய தேர்தல்களில் ஊர்க்காரர்கள் காலனிக்கு வந்து, “வெயில்ல நீங்க எதுக்கு அலையணும்” என்று வீடு வீடாக ஓட்டுச் சிலிப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீறிப் போனவர்களிடம், “உன் ஓட்டு விழுந்துடுச்சே, இன்னொண்ணு எங்கேருந்து குடுக்கறது?” என்று பள்ளிக்கூட வாசலிலேயே சிரித்துத் திருப்பி அனுப்புவார்கள். தனபாக்கியத்தின் மாமியார் மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்தவர். மாசிலாமணி சொன்னார்: “தாள்ல இருந்தா புடுங்கிக்குவான். வாயில இருந்தா என்னா பண்ணுவான்?” எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நாற்றை ஊன்றிக்கொண்டே கற்றார்கள். ஒரு நாற்றுக்கு ஒரு எண். நாலு, குத்து. ஒண்ணு, குத்து. எட்டு, குத்து. எல்லாருக்கும் பாடமானதும் மாசிலாமணி தான் எழுதிய தாளை அடுப்பில் போட்டார். தேர்தலுக்கு முதல் நாள் தாசில்தாரிடம் போய், எண்ணைச் சொல்லித் தங்கள் ஓட்டைக் கேட்க நடந்ததுதான் அந்த நடை; அதன் நினைவாகத்தான் வருஷா வருஷம் நடக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த எண்களை யாரும் எங்கும் எழுதவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பட்டியல் மாறியது, எண் மாறியது, போட்டோ போட்ட அட்டை வந்தது. ஆனாலும் அந்த நாள் எண் வாயிலேயே இருக்க வேண்டும் என்பது காலனியில் ஒரு வழக்கமாகிவிட்டது. பழைய பட்டியல் கிடைக்குமா என்று கயல்விழி இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் எப்போதோ கழித்துக் கட்டியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

ஏழு, குத்து. அப்புறம் பவுனின் முதுகு தெரிகிறது. பச்சைச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பின்னாலேயே நகர்ந்து வருகிறாள். வாய் அசைகிறது. சேற்றில் நாற்று இறங்கும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது. வாயிலிருந்து வருவது மட்டும் கேட்கவில்லை. பவுனு, பவுனம்மாள், மூத்தவரின் பெண்சாதி. தனபாக்கியத்துக்கு ஓரகத்தி. ஒரே வீட்டை நடுவில் இடுப்பளவு மண்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இரண்டு அடுப்பு. அந்தச் சமயம் இரண்டு பேருக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. பவுனின் கறுப்புக் கோழி சுவரைத் தாண்டி வந்து தனபாக்கியத்தின் கூடையில் மூன்று முட்டை இட்டது. காய்ச்சலில் கிடந்த மகளுக்குத் தனபாக்கியம் அதைப் பொரித்துக் கொடுத்தாள். “கோழி வேலி தாண்டுனா முட்டையும் தாண்டிடுமா?” என்று பவுனு கேட்டாள். “உங்க கோழிக்கே உங்க வூடு புடிக்கல, நான் என்னா பண்ண?” என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான். அதற்கு எட்டு மாதம். பட்டியல் வந்தபோது வீட்டில் எல்லாருடைய எண்ணும் நானூற்றுப் பதினைந்திலிருந்து வரிசையாக இருந்தது, பவுனின் பெயர் மட்டும் இல்லை. தேடித் தேடிக் கடைசித் தெருவில், அவளுடைய அப்பா வீட்டுப் பேர்களோடு கிடைத்தது. கணக்கெடுத்தவர் கல்யாணத்துக்கு முந்திய வீட்டிலேயே அவளை விட்டுவைத்துவிட்டார். தனபாக்கியம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, யாரிடமோ சொல்வதுபோல, “இந்த வூட்டுக்காரியே இல்லன்னு சர்க்காரே எழுதிப்புட்டான்” என்றாள். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பவுனு தன் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், மெல்ல, திரும்பத் திரும்ப. அடுத்தடுத்த எண்ணாக இருந்திருந்தால் இப்போது ஒன்றைக் கூட்டியோ கழித்தோ கண்டுபிடித்திருக்கலாம். அந்தக் கணக்கெடுத்த ஆள் செய்த தப்பு இன்றைக்கு வந்து குறுக்கே நிற்கிறது.

“கால் வலிக்குதா சின்னம்மா? வேன்ல ஏறிக்கிறீங்களா?” எழிலன் கேட்டான். பவுனின் மகன். திருப்பூரில் சாயப்பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறான். முப்பத்தெட்டு வயது, நரை விழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவன் முதல் தடவையாக இந்த நடைக்கு வருகிறான். ஒவ்வொரு மார்கழியும் பவுனுதான் திருப்பூரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருவாள், நடப்பாள், மறுநாள் போய்விடுவாள். இந்த வருஷம் ஆடி மாதம் செத்துப்போனாள். “இல்லப்பா, வலிக்கல.” “மொகம் ஒருமாதிரியா இருக்குது.” “பனி.” அவன் நடையைக் குறைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “அந்த நம்பர நான் எத்தினியோ வாட்டி கேட்டிருக்கன் சின்னம்மா. சொல்லவே மாட்டாங்க. ஆஸ்பத்திரில கடைசியாக் கேட்டப்பகூட, ‘ஓட்டு நம்பர் கட்டுன புருஷனுக்கே சொல்லக்கூடாதுடா. நான் போனப்பறம் உன் சின்னம்மாகிட்ட கேட்டுக்க, அவ மறக்க மாட்டா, அவ மறந்தா நான் பேயா வந்து கேப்பன்’னு சிரிச்சாங்க. அதான் லீவு போட்டுட்டு வந்தன். ஒரு வாட்டி காதால கேட்டுட்டாப் போதும்.” தனபாக்கியமும் சிரித்தாள். அவ மறக்க மாட்டா. மறந்தவளிடம் வந்து கேட்கிறான். இப்போதே சொல்லிவிடலாமா? தம்பி, எனக்கு ஞாபகம் வரல. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். ஆனால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டரில் வராதா? அவன் முகத்தை ஐந்து கிலோமீட்டருக்கு முன்னாலேயே எதற்கு வாடவைப்பது? வந்துவிடும். வாசலுக்குப் போவதற்குள் வந்துவிடும்.

வேண்டாத எண்கள் எல்லாம் வந்தன. டவுனுக்குப் போகிற பஸ் இருபத்தொண்ணு பி. மகள் பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ. பழைய ரேஷன் கார்டின் கடைசி மூன்று எண். செத்துப்போன புருஷனின் செல்போன் எண், பத்தும், ஒன்று விடாமல். அதில் கூப்பிட்டால் இப்போது யாரோ ஒரு பையன் எடுக்கிறான். அது எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்? ஏழு, ஆறு. ஏழு, ஒன்பது. ஏழு, ஆறு, ரெண்டு. சொல்லிப் பார்த்தால் எல்லாமே சரி மாதிரி இருக்கிறது, எல்லாமே அடுத்த நிமிஷம் தப்பாகப் போகிறது. நாக்கு ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுதான் அது என்று காதும் நம்ப ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. போன மாதம் குழம்புக்கு உப்பை இரண்டு தடவை போட்டாள். அதற்கு முந்தின வாரம் பேத்தியின் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் உப்பு, அப்புறம் தெருப் பேர், அப்புறம் பிள்ளைகள் பேர். கடைசியில் இவளைப் பார்த்து, “நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா, நல்லா இருக்கிறியா” என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. அறுபத்தைந்து வயதுதான் ஆகிறது தனபாக்கியத்துக்கு. அம்மாவுக்கு ஆரம்பித்தது எழுபதில். இல்லை, இது அது இல்லை. இது ஒரு எண். ஒரு எண் யாருக்கும் மறக்கும். சாலையோரத்துப் புளியமரங்களை எண்ண ஆரம்பித்தாள். எண்ணினால் மனம் அடங்கும். பதினொன்றில் விட்டுவிட்டு மறுபடி ஏழுக்குப் போய்விட்டாள்.

வாய்க்கால் பாலம் வந்ததும், யாரும் சொல்லாமலே எல்லாரும் சாலையை விட்டு இறங்கினார்கள். பாலத்தின் மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் இறங்குவார்கள். அன்றைக்கு அங்கே நான்கு கட்டைவண்டிகளை மாட்டை அவிழ்த்துவிட்டுக் குறுக்கே போட்டு, ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். “பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு எங்கடா திருவிழா?” என்று ஒருவன் கேட்டான். மாசிலாமணி, “டவுனுக்குங்க. தாசில்தாரப் பாக்க” என்றார். “தாசில்தார் உங்களுக்கு மாமனா?” சிரிப்பு. யாரும் வண்டியை நகர்த்தவில்லை. நடந்து வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவும் இல்லை. அப்போதுதான் எட்டு மாதத்துக்குப் பிறகு பவுனு தனபாக்கியத்திடம் முதல் வார்த்தை பேசினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், “முந்தானைய இழுத்துச் செருவுடி. ஓட வேண்டி வந்தா தடுக்கும்” என்றாள். தனபாக்கியம் செருகினாள். ஓட வேண்டி வரவில்லை. மாசிலாமணி சாலையை விட்டு வாய்க்காலில் இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், மார்கழித் தண்ணீர். அக்கரையில் ஏறி, வயல் வழியாகச் சுற்றி, மறுபடி சாலைக்கு வந்து நடந்தார்கள். மேலேயிருந்து கல் எறிவார்கள் என்று முதுகு கூசியது. எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று இன்றுவரை தெரியாது. தண்ணீரில் இறங்குகிற கூட்டத்தை என்ன செய்வது என்று அவர்கள் யோசித்து வைத்திருக்கவில்லையோ என்னவோ. இப்போது வாய்க்காலுக்குச் சிமெண்டுக் கரை கட்டியிருக்கிறது, தண்ணீர் கணுக்கால் அளவுதான். எழிலன் பேண்டை மடித்துக்கொண்டு, இவள் கையைப் பிடித்து இறக்கினான். பாலத்தின் மேல் இருபத்தொண்ணு பி வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவருக்கு விஷயம் தெரியும்போல, ஒரு தடவை அடித்துவிட்டு எஞ்சினை அணைத்தான். அன்றைக்குத் தண்ணீரில் நடக்கும்போது பவுனு எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் நடந்தாள், குளிரில் பல் அடித்துக்கொள்ள. ஏழு. தனபாக்கியம் தண்ணீரில் நின்றுவிட்டாள். ஏழு, அப்புறம் பல் அடித்துக்கொள்கிற சத்தம். “வழுக்குதா சின்னம்மா?” “இல்ல. போ.”

டவுன் எல்லை வந்தது, டீக்கடைகள் வந்தன. பனி விலகி வெயில் முதுகில் விழுந்தது. ஈரப் பாதங்களில் மண் ஒட்டிக் காய்ந்தது. முன்னால் போகும் சிங்காரம், இருபத்தேழு பேரில் ஒருவர், இவளைவிட மூத்தவர், திரும்பிப் பார்த்து, “என்னா தனபாக்கியம், எப்பவும் ரேடியோ மாதிரி வருவ, இன்னிக்கு ஆப் பண்ணிட்ட?” என்றார். “பேட்டரி தீந்துடுச்சிண்ணே” என்றாள். அவரிடம் கேட்கலாமா? உங்களுக்குப் பவுனு நம்பர் தெரியுமா? தெரியாது. நாற்பது வருஷமும் வாசலில் எல்லாரும் ஒரே குரலாக, ஒரே நேரத்தில் கத்துவார்கள், வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோல. அவரவருக்கு அவரவர் எண்தான் காதில் விழும். தனித்தனியாகச் சொன்னது அன்று ஒரே ஒருநாள்தான், தாசில்தாரின் மேஜை முன்னால். அந்த அறை தெளிவாக இருக்கிறது. மூங்கில் தட்டி, தண்ணீர்ப் பானை, ஈரச் சேலைகளிலிருந்து தரையில் சொட்டும் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்துத் தாசில்தார் முதலில் முகத்தைச் சுளித்தார். பட்டியலை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொருவராக எண்ணைச் சொன்னார்கள், அவர் பக்கத்தைப் புரட்டினார், சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பத்துப் பேர் ஆனதும் சுளிப்புப் போய்விட்டது. பதினைந்தாவது ஆளுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். பவுனின் முறை வந்தபோது, புருஷன் பேரைக் கேட்டு, அந்த வீட்டைத் தேடி, “இல்லையேம்மா, உன் பேரு இல்ல” என்றார். பவுனு, “பேர வச்சு தேடாதீங்க சாமி. நம்பர வச்சு தேடுங்க” என்றாள். சொன்னாள். அவர் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். விரலை வைத்துக்கொண்டே வந்தார். நின்றது. கோடு போட்டார். பவுனு திரும்பி இவளைப் பார்த்து, அந்த அறையில், அத்தனை பேர் நடுவில், மெல்ல, “பாத்தியா, எனக்கு ரெண்டு வூடுன்னு சர்க்காரு எழுதியிருக்கான். உனக்கு ஒண்ணுதான்” என்றாள். தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் தேர்தலுக்குப் போலீஸ் வந்தது, காலனிக்குத் தனி வரிசை வந்தது, மாமியார் நாலாவது தடவையாகப் போய் ஓட்டுப் போட்டார். அந்தக் கோடு ஞாபகம் இருக்கிறது, பென்சிலின் நிறம் ஞாபகம் இருக்கிறது, விரல் நகம் ஞாபகம் இருக்கிறது. விரலுக்குக் கீழே இருந்தது மட்டும் இல்லை. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டாள் பவுனு.

தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மைக் வைத்திருந்தார்கள். கயல்விழி புது நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நோட்டில் இருபத்தேழு பேருடைய பெயரையும் முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் போட்டிருந்தது. முதலில் சிங்காரம் சொன்னார். குரல் மைக்கில் பெரிதாகக் கேட்டதும் அவரே கொஞ்சம் பயந்துவிட்டார், எல்லாரும் கை தட்டினார்கள். தனபாக்கியம் தன் எண்ணைச் சொன்னாள். பாகம் அறுபத்து மூணு, வரிசை நானூத்திப் பதினெட்டு. கயல்விழி எழுதினாள். “அடுத்தது பவுனம்மாள், சின்னையன் மனைவி. அவங்க சார்பா தனபாக்கியம் அம்மா.” எழிலன் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றான். செல்போனை எடுத்து நீட்டினான், குரலைப் பதிவு செய்துகொள்ள. தனபாக்கியம் வாயைத் திறந்தாள். பாகம் அறுபத்து மூணு என்றாள். பாகம் எல்லாருக்கும் ஒன்றுதான். வரிசை எழுநூத்தி. நின்றாள். கயல்விழி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு காதருகே வந்தாள். “என்னா அத்த?” “வரலடி.” “வரலன்னா?” “பொறப்பட்டதுலேருந்து தேடறன். வரல.” கயல்விழி கூட்டத்தைப் பார்த்தாள், எழிலனைப் பார்த்தாள், குரலை இன்னும் தாழ்த்தினாள். “அத்த, எழுநூத்தின்னு சொல்லிட்டீங்க. ஏதாச்சும் ஒண்ணச் சேத்துச் சொல்லிடுங்க. பழைய லிஸ்ட்டே இல்ல. யாருக்குத் தெரியப்போவுது? பாவம், அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காரு.”

எழுநூற்று அறுபத்திரண்டு. நாக்கில் அது தயாராக இருந்தது. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது. சொன்னால் பவுனின் மகன் நிம்மதியாகத் திருப்பூர் போவான். அப்படி ஒரு எண் காலனியில் யாருக்கோ இருந்திருக்கும். கடைசித் தெருவில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பெண்ணுக்கு. அவள் அன்றைக்கு நடக்காதவளாக இருக்கலாம், சிலிப்பைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவளாக இருக்கலாம். அவளுடையதை எடுத்துப் பவுனின் கட்டத்தில் போடுவது. யாருக்குத் தெரியப்போவுது. இந்த வார்த்தையைத் தனபாக்கியம் முன்னாலும் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில், மாமியாருக்குப் பின்னால் நின்றுகொண்டு. அப்போது சொன்னவன் மேஜைக்குப் பின்னால் இருந்த இன்னொருவனிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே. கயல்விழி சிரிக்கவில்லை, அவள் நல்ல பெண், இரக்கப்பட்டுத்தான் சொல்கிறாள். ஆனாலும் வார்த்தை அதுவேதான். ஆறு கிலோமீட்டராக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று லேசாக நகர்ந்து வழிவிட்டதுபோல இருந்தது. எண் வரவில்லை. இனி வராது என்று தெரிந்தது. தெரிந்ததில் பயம்கூட இல்லை. அவள் கயல்விழியின் கையை மைக்கிலிருந்து எடுத்தாள்.

“எனக்கு மறந்துபோச்சு” என்றாள். மைக்கில் அது தெருவரைக்கும் கேட்டது. “எழிலா, உங்கம்மா என்னைய நம்பிக் குடுத்துட்டுப் போனா. நான் தொலைச்சிட்டன்.” எழிலன் நீட்டிய கையை உடனே இறக்கவில்லை. அவன் முகத்தில் ஏமாற்றம் வந்தது, அதை அவன் மறைக்கவும் இல்லை. தனபாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “பரவால்ல சின்னம்மா” என்றான், பரவாயில்லாதவன் சொல்கிற மாதிரி. கயல்விழி பேனாவோடு தடுமாறினாள். “அப்ப இந்தக் கட்டத்துல என்னா எழுதட்டும்? ‘தெரியவில்லை’ன்னு போடட்டுமா? இல்ல, ஒரு உத்தேசமா...”

“ஒண்ணும் எழுதாத” என்றாள் தனபாக்கியம். “காலியா வுடு. காலியா கெடந்தா அது அவளோடது. நீ எத எழுதுனாலும், நான் எதச் சொன்னாலும், அவ ஓட்ட வேற யாரோ போட்டதா ஆயிடும்.”